பழைய கடைத்தெருப் படம்: எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது?

ஏதோ ஒரு சிற்றூரின் கடைத்தெரு. "நூறு வருடத்துக்கு முன்னால்" என்று ஒரு வரி எழுதி, படம் கைபேசிக்குக் கைபேசி வந்துகொண்டிருக்கிறது. வரிசையாகக் கடைகள், பெயர்ப்பலகைகள், ஓரமாக ஒரு வண்டி. தெருவில் ஆளே இல்லை. ஒருவர் 1890 என்கிறார், இன்னொருவர் 1940 என்கிறார், மூன்றாமவர் இது ஏஐ செய்த படம் என்று முடித்துவிடுகிறார். மூன்று பேரும் பார்த்தது ஒரே படத்தைத்தான்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம், படத்தில் இருக்கும் ஊரை நேராகப் பார்க்கப் போய்விடுவதுதான். நடுவில் ஒரு கேமரா இருந்தது. அதற்கு எது தெரியும், எது தெரியாது என்று புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அங்கிருந்தே தொடங்குவோம்.

தெருவில் ஏன் ஆளில்லை?

புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான லூயி டாகுவேர் 1838-ல் பாரிஸில் தன் ஜன்னலிலிருந்து ஒரு தெருவைப் படமெடுத்தார். பூல்வார் து தாம்ப்ல் என்ற அந்தத் தெரு வண்டியும் கூட்டமுமாக இருந்த இடம். படத்திலோ அது வெறிச்சோடிக் கிடக்கிறது. கீழே இடது மூலையில் மட்டும் ஒருவர் ஒரு காலைத் தூக்கி வைத்து நிற்கிறார், செருப்புக்கு மெருகு போட்டுக்கொள்கிறார். தெரு முழுக்கப் பல நிமிடங்கள் ஒரே இடத்தில் நின்றவர் அவர்தான். அதனால் அவர் மட்டும் பதிந்தார். நடந்துகொண்டிருந்த யாரும் பதியவில்லை.

அன்று ஃபிலிம் கிடையாது, மருந்து பூசிய தகட்டில்தான் படம் பதியும். அந்தத் தகட்டில் ஒளி பட வேண்டிய நேரத்தைத்தான் எக்ஸ்போஷர் என்கிறோம். அது எவ்வளவு நீளமோ, அந்த அளவுக்கு அசைகிற பொருள் கரைந்துபோகும். ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851-ல் வெளியிட்ட ஈரத் தகட்டு முறையில் இந்த நேரம் சில விநாடிகளாகக் குறைந்தது. ஆனால் கண்ணாடித் தகட்டில் மருந்தைப் பூசி, அது காய்வதற்குள் படமெடுத்து, கையோடு கழுவியும் ஆக வேண்டும். இருட்டுக் கூடாரத்தைச் சந்தைக்கே தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அப்படிப்பட்டவர் கூட்டம் நெரிகிற நேரத்தைத் தேர்ந்தெடுக்க மாட்டார். கடை திறக்காத விடிகாலை அவருக்கு வசதி. ஆகவே படத்தில் தெரிகிற அமைதிக்குக் கொஞ்சம் வேதியியலும் கொஞ்சம் வசதியும் காரணம். "அந்தக் காலத்தில் ஊர் எவ்வளவு அமைதி!" என்று அந்தப் படத்தை வைத்து யாரும் சொல்லிவிட முடியாது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. எட்வர்டு ஆன்டனி 1859-ல் நியூயார்க்கின் பிராட்வே வீதியை எடுத்தபோது நடப்பவர்களும் குதிரை வண்டிகளும் தெளிவாகவே விழுந்தன. அவை இரட்டைப் படங்களாக அட்டையில் ஒட்டி விற்கப்பட்ட ஸ்டீரியோ படங்கள். படம் சின்னது, லென்ஸின் குவியத் தூரமும் (லென்ஸுக்கும் படம் விழும் தகட்டுக்கும் உள்ள தூரம்) சின்னது, அதனால் நொடிக்கும் குறைந்த நேரம் போதும். பெரிய தகட்டில் வெறிச்சோடித் தெரிகிற தெரு, அதே காலத்து ஸ்டீரியோ அட்டையில் ஜன நெரிசலோடு தெரியலாம். ஒரே ஊருக்கு இரண்டும் கிடைத்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய படத்தைப் படிக்க அதைவிட நல்ல பாடம் கிடையாது.

ரிச்சர்டு லீச் மேடக்ஸ் 1871-ல், முன்கூட்டியே மருந்து பூசி உலர்த்தி வைத்துக்கொள்ளக்கூடிய ஜெலட்டின் உலர்தகட்டை அறிமுகப்படுத்தினார். அடுத்த பத்தாண்டில் அது கடையில் வாங்கக்கூடிய சரக்காகிவிட்டது. அதற்கப்புறம்தான் சந்தைக் கூட்டம் கூட்டமாகவே படத்தில் விழ ஆரம்பித்தது.

ஆவிகளைக் கவனியுங்கள்

நீண்ட எக்ஸ்போஷர் படத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தால், காலி என்று நினைத்த தெருவில் ஆட்கள் இருப்பார்கள். கல் பாவிய தரைமேல் புகைபோல ஒரு பட்டை, அதன் அடியில் தெளிவாக இரண்டு செருப்பு: ஒருவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு நகர்ந்திருக்கிறார். கடை வாசலில் நிற்பவருக்கு இரண்டு முகம்: கால் ஊன்றிய இடத்திலேயே தலையை மட்டும் திருப்பியிருக்கிறார். குதிரையின் உடம்பு கூர்மையாக இருக்கும், வால் மட்டும் விசிறிபோல் விரிந்திருக்கும். கடை முன்னால் தொங்கும் துணிப் பந்தலின் ஓரம் மங்கியிருந்தால் அன்றைக்குக் காற்று அடித்திருக்கிறது.

பழைய படங்களில் எனக்கு மிகவும் மதிப்பாகத் தோன்றுவது இந்த மங்கல்தான். அந்த இடத்தில் உயிர் நடமாடியதற்கான தடயம் அது. பின்னால் ஏஐ பற்றிப் பேசும்போது இதற்குத் திரும்பி வருவோம்.

கண்ணை ஏமாற்றும் நான்கு விஷயங்கள்

1. வெள்ளை வானம். தொடக்க காலத் தகடுகளுக்கு நீல ஒளிதான் நன்றாகத் தெரியும். வானம் நீலம் என்பதால் அது அளவுக்கு மீறிப் பதிந்து வெறும் வெள்ளையாகிவிடும். வானம் வெளுத்திருப்பதை வைத்து அன்று மேகமூட்டம் என்று சொல்ல முடியாது. மாறாக, மேகம் அழகாக விழுந்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். குஸ்தாவ் லெ கிரே 1850களில் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு இன்னொரு நெகட்டிவ் என்று இரண்டைச் சேர்த்து ஒரே படமாக அச்சிட்டார். படத்தில் ஒட்டுவேலை அவ்வளவு பழையது.

2. பொய் சொல்லும் சாம்பல் நிறம். அதே காரணத்தால் சிவப்பு கறுப்பாகவும் மஞ்சள் அடர்ந்தும் நீலம் வெளுத்தும் விழும். கடைத்தெருவில் இது பெரிய விஷயம். வெள்ளைப் பலகையில் வெளிர்நீல எழுத்து எழுதியிருந்தால் எழுத்தே காணாமல் போகலாம். மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தும் அப்படியே, இரண்டும் கறுத்து ஒன்றாகிவிடும். படத்தில் எழுதாத பலகை என்று தெரிவது எழுதிய பலகையாக இருக்கலாம். ஹெர்மன் ஃபோகல் 1873-ல் சாயம் சேர்த்தால் தகட்டுக்குப் பச்சையும் மஞ்சளும் தெரியும் என்று கண்டுபிடித்தார். எல்லா நிறமும் தெரிகிற பான்க்ரோமாட்டிக் தகடுகள் 1906-ல் விற்பனைக்கு வந்தன. ஆனாலும் சாதாரணமாக வீட்டில் பயன்படுத்திய கோடக் வெரிக்ரோம் ஃபிலிம் 1956 வரை சிவப்பு தெரியாததாகவே இருந்தது. எனவே 1950-ல் எடுத்த படத்திலும் சிவப்பு கறுப்பாக இருக்கலாம்.

3. இடவல மாற்றம். டாகுவேர் முறைப் படம் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பியிருக்கும், எழுத்துகள் வலமிருந்து இடமாக ஓடும். பிற்காலத்துக் கண்ணாடி நெகட்டிவையும் ஸ்லைடையும் ஸ்கேன் செய்பவர்கள் பக்கம் மாற்றி வைத்துவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு. பெயர்ப்பலகையையும் சந்தை மணிக்கூண்டின் கடிகார எண்களையும் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். இரண்டும் இல்லாத படத்தில், கோவிலோ தேவாலயமோ தெருவின் எந்தப் பக்கம் என்று உறுதியாகச் சொல்லும் முன் இதைச் சரிபார்க்க வேண்டும்.

4. தெருவின் அகலம். அகலக்கோண லென்ஸ் குறுகிய சந்தையை மைதானமாக்கிக் காட்டும். நீளக் குவிய லென்ஸ் தூரத்துக் கடைகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிவைக்கும். இன்றைய தெருவோடு ஒப்பிட்டு "ஆக்கிரமித்துவிட்டார்கள்" என்று வாதிடுவதற்கு முன், அதே இடத்தில் நின்று, மாறாத இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் உள்ள விகிதத்தை அளந்து பார்க்க வேண்டும்.

எந்த ஆண்டு? இரண்டு எல்லைகள்

காலம் கணிப்பது என்றால் ஓர் ஆண்டைச் சொல்வது என்று நினைக்கிறோம். உண்மையில் இரண்டு எல்லைகளைச் சொல்ல வேண்டும். "இதற்கு முன் இருக்க முடியாது" என்பது முன்எல்லை. "இதற்குப் பின் இருக்க முடியாது" என்பது பின்எல்லை. படம் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

முன்எல்லையைத் தீர்மானிப்பது படத்திலேயே ஆகப் புதிய பொருள். பழைய பொருள்கள் எத்தனை இருந்தாலும் பயனில்லை, ஏனென்றால் மாட்டுவண்டியும் மண்ணெண்ணெய் விளக்கும் எல்லாக் காலத்திலும் ஓரமாக இருந்துகொண்டேதான் இருக்கும். தேடவேண்டியவற்றில் சில:

1. இரண்டு சக்கரமும் ஒரே அளவுள்ள, சங்கிலி ஓட்டும் சைக்கிள்: இந்த அமைப்பு 1885-ன் ரோவர் சைக்கிளால் பரவியது.
2. மின்கம்பி: எடிசனின் பேர்ல் தெரு மின்நிலையம் நியூயார்க்கில் 1882-ல் தொடங்கியது. சிற்றூர்களுக்கு அது பல ஆண்டுகள், பல இடங்களில் பல பத்தாண்டுகள், தாமதமாகவே வந்தது. தந்திக் கம்பியை மின்கம்பியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.
3. மோட்டார் வண்டி: ஃபோர்டு மாடல் டி 1908-ல் வந்தது. வண்டியின் விளக்கு, மட்கார்டு வடிவம் ஆகியவற்றை வைத்து ஓரிரு ஆண்டுக்குள் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். கேட்டுப் பார்க்கலாம்.
4. நியான் பலகை: ஜார்ஜ் க்ளோட் 1910-ல் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் காட்டினார். கடைகளுக்கு வந்தது அதற்கப்புறம்.
5. டியூப் லைட்: 1938-ல் விற்பனைக்கு வந்தது.

பின்எல்லை கொஞ்சம் கடினம். பிற்பாடு இடிக்கப்பட்ட கட்டடம், எரிந்துபோன சந்தை மண்டபம், மாற்றப்பட்ட தெருப்பெயர் போன்றவைதான் உதவும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. "மின்கம்பம் தெரியவில்லை, ஆகவே மின்சாரத்துக்கு முந்தைய படம்" என்பது பலவீனமான வாதம். கம்பம் கேமராவுக்குப் பின்னால் நின்றிருக்கலாம். இருப்பது சாட்சி சொல்லும். இல்லாதது அவ்வளவு உறுதியாகச் சொல்லாது.

கடைத்தெருப் படத்துக்கு மட்டுமே உள்ள ஒரு வசதி, அதில் நிறைய எழுத்து இருப்பது. கடைக்காரர் பெயரை அந்தக் கால வணிகக் கையேடு, வரிப் பட்டியல், செய்தித்தாள் விளம்பரம் ஆகியவற்றோடு ஒப்பிட்டால் பல நேரம் ஐந்தாண்டுக்குள் வந்துவிடலாம். சுவரில் சினிமாச் சுவரொட்டியோ ஏல அறிவிப்போ படிக்கக் கிடைத்தால் மாதத்தையே சொல்லிவிடலாம். நிழலும் பேசும். தெரு எந்தத் திசையில் ஓடுகிறது என்று வரைபடத்தில் பார்த்துக்கொண்டால், நிழல் விழும் பக்கத்தையும் நீளத்தையும் வைத்து நேரத்தையும், ஓரளவுக்குப் பருவத்தையும் கணக்கிடலாம்.

இப்படிப் பலர் சேர்ந்து துப்புத் துலக்க முடியும் என்பதற்கு நல்ல சான்று, அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் 2008 ஜனவரியில் சுமார் 3,000 படங்களை ஃப்ளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது. பார்த்தவர்கள் இடம், ஆள், நிகழ்ச்சி என்று தகவல் சேர்த்தார்கள். நூலகம் அவற்றைச் சரிபார்த்துத் தன் பட்டியலைத் திருத்தியது.

திருப்பிப் பாருங்கள்

எடுத்த காலமும் அச்சிட்ட காலமும் வேறு. 1900-ன் நெகட்டிவிலிருந்து 1970-ல் பிரிண்ட் போடலாம். கையில் இருக்கும் காகிதம் எந்தக் காலத்தது என்பது தனிக் கேள்வி, அதற்குப் படத்தின் முன்பக்கம் போதாது.

மெல்லிய காகிதத்தில் அச்சிட்டு அட்டையில் ஒட்டியது, வெளிர் பகுதிகள் மஞ்சளாகியிருக்கின்றன என்றால் பெரும்பாலும் முட்டை வெள்ளைக்கரு பூசிய ஆல்புமன் பிரிண்ட். 1850-ல் தொடங்கி 1890கள் வரை அதன் ஆட்சி. இருண்ட பகுதிகளில், ஓரங்களை ஒட்டி, சாய்த்துப் பார்க்கும்போது ஈயம் பூசினாற்போல நீல மினுக்கம் தெரிந்தால் அது ஜெலட்டின் வெள்ளிப் பிரிண்ட், அதற்கடுத்த காலத்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது புகைப்படமே கிடையாது, புத்தகத்திலோ பத்திரிகையிலோ வந்த அச்சு. வட்டமான படமாக இருந்தால் 1888-ல் வந்த முதல் கோடக் கேமராவையும் அதை அடுத்து வந்ததையும் நினைக்கலாம்.

தபால் அட்டைகள் தனி உலகம். சிற்றூர்க் கடைத்தெருக்களில் பாதிக்கு மேல் நமக்குத் தெரியவருவதே இவற்றால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. தொடக்கத்தில் அட்டையின் பின்பக்கம் முகவரிக்கு மட்டும். செய்தியைப் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுத வேண்டும். நடுவில் கோடு போட்டு ஒரு பாதியில் செய்தி எழுத அனுமதித்தது பிரிட்டனில் 1902, ஜெர்மனியில் 1905, அமெரிக்காவில் 1907. அஞ்சல் முத்திரைத் தேதி ஒரு பின்எல்லை: படம் அதற்குப் பின் எடுத்ததாக இருக்க முடியாது. அதற்கு எத்தனை ஆண்டு முன் என்று மட்டும் அது சொல்லாது, ஏனென்றால் ஒரே அட்டையைக் கடைகளில் பத்தாண்டு விற்பார்கள்.

இன்னொரு சோதனை புற ஊதா விளக்கு. காகிதத்தைப் பளிச்சென்று காட்டும் ரசாயனத்தைப் போட்டோ காகிதத்தில் சேர்ப்பது 1950களில்தான் பரவியது. அந்தக் காகிதம் இந்த விளக்கின் கீழ் நீலமாக ஒளிரும். 1990களின் இறுதியில், அமெரிக்கப் புகைப்படக்காரர் லூயிஸ் ஹைன் தன் காலத்திலேயே அச்சிட்டவை என்று விற்கப்பட்ட சில பிரிண்டுகள் இப்படி ஒளிர்ந்து சிக்கின. ஹைன் இறந்தது 1940-ல்.

யார், எதற்காக எடுத்தார்கள்?

இதைக் கேட்காமல் படத்தைப் படித்தால் ஊரைப் பற்றித் தவறான முடிவுக்கு வந்துவிடுவோம். தாமஸ் ஆனன் 1868 முதல் 1871 வரை கிளாஸ்கோவின் நெரிசலான சந்துகளை எடுத்தார். இடிக்கப்போகிற பகுதிகளைப் பதிவு செய்யும் வேலை அவருக்குத் தரப்பட்டிருந்தது. சார்ல் மார்வீல் பாரிஸ் நகர நிர்வாகத்துக்காக, அகலச் சாலைகளுக்கு வழிவிட்டு மறையவிருந்த தெருக்களை எடுத்தார். இடிப்பதற்கு முன் எடுக்கும் படத்தில் தெரு கொஞ்சம் கூடுதலாகவே சோர்ந்து தெரியும். தபால் அட்டைக்கு எடுப்பவர் ஊரின் நல்ல முகத்தைத் தேடுவார். கடைக்காரரே காசு கொடுத்து எடுக்கும்போது சரக்கையெல்லாம் வாசலுக்குக் கொண்டுவந்து அடுக்கி, வேலையாட்களை வரிசையாக நிறுத்திவைப்பார். அன்றாடம் கடை அப்படி இருந்திருக்காது.

யூஜீன் அட்ஜே 1890களின் இறுதியிலிருந்து 1927 வரை பழைய பாரிஸின் கடைமுகப்புகளை 18 × 24 சென்டிமீட்டர் கண்ணாடித் தகடுகளில் எடுத்தார். ஓவியர்களுக்கும் நூலகங்களுக்கும் ஆவணமாக விற்பதற்கு. அவர் படங்கள் பலவற்றில் மேல் மூலைகள் வளைவாகக் கறுத்திருக்கும். உயரமான கட்டடம் உள்ளே வருவதற்காக லென்ஸை மேலே நகர்த்தியதில், லென்ஸின் ஒளிவட்டம் தகட்டின் மூலையை எட்டவில்லை. சில கடைகளின் கண்ணாடியில் எதிர்க் கட்டடமும் மரமும் பொம்மைகளின் உடைமேல் படிந்து தெரியும். இன்னும் சிலவற்றில் முக்காலிமேல் நிற்கும் கேமராவும், பக்கத்தில் அவருடைய உருவமும் மங்கலாகத் தெரியும். எடுத்தவர் தெருவில் எந்த இடத்தில், எவ்வளவு தள்ளி நின்றார் என்பதை அந்தப் பிரதிபலிப்பை வைத்தே சொல்லிவிடலாம்.

எடுக்கப்படாதவற்றையும் யோசிக்க வேண்டும். இரவு, மழை, பின்சந்து, தரையில் துணி விரித்து விற்றவர்கள், சுமை தூக்கியவர்கள். நகர்ந்துகொண்டே விற்றவர்கள் முதலில் எக்ஸ்போஷரில் கரைந்தார்கள், அப்புறம் யாரும் காசு கொடுத்து எடுக்காததால் விடுபட்டார்கள். கட்டடக் கடை வைத்திருந்தவர்களே சந்தையின் வரலாறாகிவிட்டது இப்படித்தான்.

ஏஐ என்ன செய்கிறது?

வண்ணமேற்றும் செயலிகளில் தொடங்குவோம். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் ஒளிந்துகொண்டிருக்கவில்லை, அது பதியவே இல்லை. ஒரே சாம்பல், சிவப்பாகவும் இருந்திருக்கலாம், பழுப்பாகவும் இருந்திருக்கலாம். செயலி தான் பார்த்துப் பழகிய லட்சக்கணக்கான படங்களை வைத்து ஊகிக்கிறது. கடையின் கதவு பச்சை என்று அது சொன்னால் அது ஊகம், தகவல் கிடையாது. உண்மையான நிறத்தில் பழைய சந்தை வேண்டுமென்றால் 1907-ல் லுமியேர் சகோதரர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆட்டோக்ரோம் தகடுகளைத் தேட வேண்டும். உருளைக்கிழங்கு மாவுத் துகள்களுக்குச் சாயமேற்றிச் செய்தவை அவை.

இதைவிட ஆபத்து, "தெளிவாக்குதல்". பெயர்ப்பலகையில் மங்கிய எழுத்தைச் செயலி எழுத்துபோலத் தோன்றும் ஏதோ ஒன்றாக மாற்றிவிடுகிறது. நடந்து மங்கியவரைத் துடைத்துத் தரையாக்கிவிடுகிறது, அல்லது யாரோ ஒருவருடைய முகத்தை ஒட்டிவிடுகிறது. காலம் கணிக்க உதவும் பலகையும், உயிர் நடமாட்டத்தைக் காட்டும் மங்கலும்தான் முதலில் அழிகின்றன. 2021-ல், கெமர் ரூஜ் ஆட்சியில் ஆயிரக்கணக்கானோர் சித்திரவதைக்கும் கொலைக்கும் ஆளான கம்போடியாவின் துவோல் ஸ்லெங் சிறைக் கைதிகளின் படங்களை வண்ணமேற்றிய ஒருவர், சில முகங்களில் இல்லாத புன்னகையையும் சேர்த்துவிட்டிருந்தார். கம்போடிய அரசு கண்டித்தது, வெளியிட்ட இதழ் படங்களை நீக்கியது. கடைத்தெருப் படத்தில் யாரும் அப்படிக் கொதித்து எழ மாட்டார்கள் என்பதால் அங்கே இது சத்தமில்லாமல் நடக்கிறது.

முழுக்க ஏஐ உருவாக்கிய "பழைய" படத்தைச் சந்தேகிக்க, இந்த வரிசையில் பார்க்கலாம்:

1. மூலம் எங்கே? எந்த நூலகம், எந்த ஆவணக் காப்பகம், எந்த எண்? பின்பக்கம் ஸ்கேன் இருக்கிறதா?
2. பலகைகளில் எழுத்து படிக்கக்கூடிய சொல்லாக இருக்கிறதா, எழுத்துபோன்ற கிறுக்கலா?
3. கம்பி எங்கிருந்து எங்கே போகிறது? நடுவானில் முடிகிறதா?
4. மங்கல் நியாயமாக இருக்கிறதா? நடப்பவர், நிற்பவர், குதிரை வால் எல்லாமே ஒரே கூர்மையோடு இருந்து, தகடு மட்டும் 1860களின் கறையோடு இருந்தால் கணக்கு உதைக்கிறது.

இந்த நான்கில் முதலாவதுதான் நிலைக்கும். மற்ற மூன்றையும் ஏஐ நாளுக்கு நாள் சரிசெய்துகொண்டே வருகிறது.

உங்களிடம் ஒரு படம் இருந்தால்

பிரிண்ட் உங்கள் கையில் இருப்பதால் பதிப்புரிமையும் உங்களுடையது ஆகிவிடாது. காலம் முடியாதவரை அது பெரும்பாலும் எடுத்தவருக்கோ அவர் வாரிசுக்கோ உரியது. பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கை புகைப்படத்துக்கு, எடுத்ததிலிருந்து குறைந்தது 25 ஆண்டு என்று வைத்திருந்தது. 1996-ன் வைப்போ (WIPO) பதிப்புரிமை உடன்படிக்கை அந்தக் குறைந்த கணக்கை எடுத்துவிட்டது, மற்ற படைப்புகளுக்கு உள்ள காலமே புகைப்படத்துக்கும் என்றது. நாட்டுக்கு நாடு சட்டம் மாறும், பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஸ்கேன் செய்யும்போது முன்பக்கம், பின்பக்கம், ஒட்டிய அட்டை என்று மூன்றையும், வெட்டாமல், 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அல்லது அதற்கு மேல், வண்ணத்திலேயே எடுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ணத்தில் ஸ்கேன் செய்தால்தான் மஞ்சளும் மினுக்கமும் பதியும். அந்தக் கோப்பைத் திருத்தாமல் தனியே வைத்துவிட்டு, வண்ணமேற்றுவது எதுவானாலும் நகலில் செய்யுங்கள், நகல் என்று அதன்மேலேயே எழுதியும் வையுங்கள். பசை தடவிய பக்கங்கள் கொண்ட ஆல்பத்திலிருந்து படத்தை வெளியே எடுத்துவிடுவது நல்லது, ஆனால் இழுத்துக் கிழித்துவிடாதீர்கள். பழைய ஃபிலிம் டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அசிட்டேட் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது, உடனே ஸ்கேன் செய்ய வேண்டும். 1951-க்கு முந்தைய ஃபிலிம் நைட்ரேட்டாகவும் இருக்கலாம், அது எளிதில் தீப்பிடிக்கும், வீட்டில் வைத்திருக்காமல் காப்பகத்தாரிடம் கேளுங்கள்.

பேனாவால் எழுதினால் மை மறுபக்கம் ஊறிவிடும். மெத்தென்ற பென்சிலால், பின்பக்க ஓரத்தில், அழுத்தாமல்: எந்தத் தெரு, எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது, யார் கடை, இந்தத் தகவலை யார் சொன்னார்கள், என்றைக்குச் சொன்னார்கள்.